மேகலாவின் படிவத்துக்கு நான் சொன்ன பதில்கள்

போன மாதம் ஒரு படிவத்துக்குப் பதில் சொல்லப் போய், வாய் நிறையத் தண்ணீரோடு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

சொந்த வீட்டில். சொந்த நாற்காலியில்!

படிவம் என்னுடையது இல்லை, என் மகள் மேகலாவுடையது. வயது இருபத்து நான்கு. மூளை வளர்ச்சி கொஞ்சம் நிதானம். (டாக்டர் அதற்கு நீளமாக ஒரு இங்கிலீஷ் பெயர் சொன்னார். எட்டாவது வரை படித்தவன் வாயில் அது நுழையவில்லை.) ராசிபுரத்தில் அவளைப் போன்றவர்களுக்கான மையத்தில் பாக்குமட்டைத் தட்டு செய்கிறாள். வெண்ணந்தூரிலிருந்து தினமும் மொபட்டில் கொண்டுபோய் விடுவதும் நான்தான், கூட்டி வருவதும் நான்தான்.

இதுவரை மையத்தில் எல்லோருக்கும் ஒரே திட்டம். இப்போது ஆளுக்கு ஒரு திட்டமாம். அவரவர் எப்படி வாழ ஆசைப்படுகிறார் என்று அவரவரிடமே கேட்டு எழுதி, அதற்கு வேண்டிய உதவியை மட்டும் செய்வார்களாம். அதற்காக மையத்தின் நந்தினி டீச்சர் வீட்டுக்கே வந்திருந்தார்.

"மேகலா, காலைல என்ன சாப்பிடப் புடிக்கும்?"

"இட்லிங்க. மூணு," என்றேன் நான்.

டீச்சர் எழுதவில்லை. என்ன கலர் பிடிக்கும் என்று அவளைப் பார்த்துக் கேட்டார்.

"பச்சைங்க." (முன்பு நான் ஓட்டிய லாரியின் கலர்.)

லீவு நாளில் என்ன செய்வாள் என்றார். டிவி பார்ப்பாள் என்றேன். யாரோடு பேசப் பிடிக்கும் என்றார். என்னோடுதான் என்றேன். பள்ளிக்கூடத்தில் இந்த வேகத்தில் பதில் சொல்லியிருந்தால் பத்தாவதாவது தாண்டியிருப்பேன்.

டீச்சர் பேனாவை மூடினார்.

"ஏனுங்ணா, உங்களுக்குன்னு தனியா ஒரு படிவம் கொண்டாரட்டுங்களா?"

இனி பேச மாட்டேன் என்று சத்தியம் செய்தேன். அடுத்த கேள்விக்கும் நானே பதில் சொன்னேன். கெட்ட எண்ணம் இல்லை. ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், கல்யாண வீடு, எங்கே யார் அவளிடம் எதைக் கேட்டாலும் என் வாய்தான் திறக்கும். பழக்கதோஷம்.

அடுப்படியிலிருந்து என் மனைவி சரோஜா ஒரு சொம்புத் தண்ணீரோடு வந்தாள்.

"ஒரு வாய் ஊத்திக்கிட்டு உக்காருங்க. முழுங்கிப்போடாதீங்க."

ஊற்றிக்கொண்டேன். கன்னம் இரண்டும் பன்னு மாதிரி.

அப்புறம்தான் ஒன்று தெரிந்தது. மேகலா பதில் சொல்வாள். நேரமாகும், அவ்வளவுதான். ஃபுல் லோடு வண்டி ஃபர்ஸ்ட் கியரில் தொப்பூர் மேடு ஏறுகிற மாதிரி. ஆனால் ஏறிவிடும். நான்தான் ஒவ்வொரு முறையும் ஹாரன் அடித்து ஓவர்டேக் செய்திருக்கிறேன்.

"தோசை," என்றாள்.

(அப்புறம் எதற்கு சாமி இத்தனை வருஷம் இட்லி தின்றாய் என்று கேட்க வாயில் இடமில்லை.)

கலர் ஊதாவாம். பச்சை அப்பாவின் லாரிக்காம்.

கடைசியாக, உனக்கு என்ன செய்ய ஆசை என்று டீச்சர் கேட்டார்.

"பஸ்ஸு. நான் மட்டும். ராசிபுரம்."

தண்ணீரை விழுங்கிவிட்டேன்.

ஆகாதுங்க என்று ஆரம்பித்தேன். கூட்டத்தில் நிற்கத் தெரியாது, பிரேக் போட்டால் விழுந்துவிடுவாள், இறங்க மறந்தால் எங்கே போய் நிற்பாளோ என்று அடுக்கினேன். எவன் என்ன செய்வானோ என்பதை மட்டும் சொல்லவில்லை. அது அங்கே எல்லோருக்கும் தெரியும். அசாம் வரைக்கும் லோடு ஏற்றிப் போனவன், ராசிபுரம் டவுன் பஸ்ஸுக்கு நடுங்கினேன்.

டீச்சர் சிரிக்கவில்லை. என் பயத்தை எல்லாம் வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு வழியும் எழுதினார். கழுத்தில் போன். இறங்குவதற்கு எந்தக் கடையைப் பார்த்ததும் எழ வேண்டும் என்று பயிற்சி. முதல் மூன்று வாரம் அவரே பின் சீட்டில்.

உதவிக்கு யார் வேண்டும் என்று ஒரு கட்டம் பாக்கி இருந்தது.

"அப்பா," என்றாள் மேகலா. எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது.

"அப்பா என்ன பண்ணோணும்?"

நான் வாயைத் திறந்தேன். சரோஜா சொம்பைக் காட்டினாள். மூடிக்கொண்டேன்.

"கிளீனர்," என்றாள்.

டீச்சருக்குப் புரியவில்லை. மேகலா எழுந்து என் நாற்காலிக்குப் பின்னால் போய், முதுகுப் பலகையில் இரண்டு தட்டு தட்டினாள்.

"பின்னால நிக்கோணும். ரைட்டு சொல்லோணும். ஸ்டியரிங்கத் தொட்டீன்னா கைய ஒடிச்சுப்போடுவேன்."

அந்தக் கடைசி வசனம் என்னுடையது. சின்ன வயதில் அவளை லாரியில் பக்கத்தில் உட்காரவைத்துக் கூட்டிப் போகும்போது, உதவிக்குக் கிளீனராக வந்தவர்களிடமெல்லாம் நான் சொன்னது. ஒரு எழுத்து மாறவில்லை.

டீச்சர் அதை அப்படியே எழுதிக் கையெழுத்துக் கேட்டார். போட்டேன். முப்பது வருஷ டிரைவர், ஒரே கையெழுத்தில் கிளீனர்!

மூன்று வாரம் முடிந்து, இன்று காலை முதன்முதலாக அவள் மட்டும் போனாள். தோசை சாப்பிட்டுவிட்டு, ஊதா சுடிதாரில்.

பஸ் ஸ்டாப் வரை மொபட்டில் கொண்டுவந்து விட்டேன். பின்தொடர மாட்டேன் என்று சரோஜாவிடம் சொல்லியிருந்தேன். (வாழ்க்கையில் முதல்முறையாக ஹெல்மெட் எடுத்து வந்ததற்கு வேறு காரணம் உண்டு என்று நீங்கள் நம்பவேண்டும்.)

பஸ் வந்தது. படியில் ஒரு கால் வைத்தவள் திரும்பிக் கையை நீட்டினாள்.

"சாவி."

மொபட் சாவியைக் கொடுத்தேன். வேறென்ன செய்ய?

ஏறி உட்கார்ந்தாள். என் கை தன்னால் பஸ்ஸின் பக்கவாட்டில் இரண்டு தட்டு தட்டியது. "ரைட்டு!"

கண்டக்டர் எட்டிப் பார்த்தார். "ஏனுங்க, அது என் வேலைங்க."

வண்டி கிளம்பிவிட்டது. அப்புறம் அரை மணி நேரம் எப்படிப் போனது என்று கேட்காதீர்கள்.

போன் அடித்தது.

"எறங்கிட்டேன்."

இந்த முறை வாயில் தண்ணீர் இல்லை. சாவிக்கு என்ன வழி சாமி என்று கேட்டேன்.

பதில் மேடு ஏறி வந்தது. நானும் ஹாரன் அடிக்காமல் காத்திருந்தேன்.

"சாயங்காலம் வாரேன். அங்கியே நில்லுப்பா."

நிற்கிறேன். வெண்ணந்தூர் நண்பர்கள் யாராவது இந்தப் பக்கம் வந்தால், கிளீனருக்கு ஒரு டீ வாங்கித் தருவீர்களா?