அவள் சொன்னது, அவர் வாங்கிய பெயர்

புத்தகக் கடையில் அறிவியல், உளவியல், வரலாறு மூன்றும் அவர் பொறுப்பு. புதிதாக வருவதில் எது தேறும் என்று படித்துப் பார்த்து, சின்ன அட்டையில் நாலு வரி எழுதிப் புத்தகத்துக்குக் கீழே செருகி வைப்பார். அதனால் எல்லாருக்கும் அவர் ‘அட்டைக்காரர்’. பதினெட்டு வருஷம் இப்படி ஓடியது. பிறகு சர்க்கரை கண்ணில் கை வைத்தது. அட்டைப்படத்துத் தலைப்பு தெரியும். உள்ளே எழுத்தெல்லாம் எறும்பு ஊர்வதுபோல் கலங்கும்.

கடையில் சொன்னால் வேலை போய்விடும் என்று பயம். மனைவியிடம் மட்டும் சொன்னார். அவள் தையல்காரி, எட்டாவதோடு படிப்பை விட்டவள்.

"இவ்வளவுதானே? நான் படிச்சுக் காட்டுறேன். வாய் எனக்கு நல்லாத்தானே இருக்கு!"

தினமும் காலையில் தையல் மிஷின் பக்கத்தில் உட்கார்ந்து உரக்கப் படிப்பாள். பெரிய சொற்களில் இடறுவாள், திரும்பப் போய்ப் பிடிப்பாள். சும்மாவும் படிக்க மாட்டாள். தூக்கத்தைப் பற்றிய உளவியல் நூல் ஒன்றைப் பாதியில் மூடினாள். "தூங்கறது எப்படின்னு முந்நூறு பக்கம். இதப் படிச்சா இருக்கிற தூக்கமும் போயிடும்."

ஒரு போர் வரலாற்றை முடித்த அன்று மட்டும் புத்தகத்தை மடியைவிட்டு இறக்கவில்லை.

"எல்லாரும் யாரு ஜெயிச்சாங்கன்னுதான் எழுதுறாங்க. அத்தனை பேருக்கும் யாரு சமைச்சுப் போட்டாங்கன்னு இவருதான் கேட்டிருக்காரு."

அதை அப்படியே அவளையே அட்டையில் எழுதச் சொன்னார். அந்த வாரமே புத்தகம் தீர்ந்தது. முதலாளி அவர் தோளில் தட்டினார். "இப்பதாங்க உங்களுக்கு எழுத்து கைவந்திருக்கு. கையெழுத்துகூட குண்டு குண்டா அழகாயிடுச்சே!"

அவர் சிரித்து மழுப்பினார்.

"நான் எழுதினேன்னு சொன்னீங்களா?" என்று மனைவி கேட்பாள்.

"சொல்லலாம், சொல்லலாம்."

அதன்பிறகு இரண்டு வருஷம் எல்லா அட்டையும் அவள் எழுதியதுதான்; அவர் பதிலும் இதேதான். ஒரு கட்டத்தில் அவள் கேட்பதையே விட்டுவிட்டாள்.

ஒரு மதியம் சட்டைக்குப் பட்டன் தைத்துக்கொண்டிருந்தவள் அப்படியே மிஷின்மேல் சாய்ந்தாள். மூளையில் ரத்தக் கசிவு என்றார்கள். ஆஸ்பத்திரியில் அவளுக்குப் பேச்சு வரவில்லை. "கடையில சொல்லிடறேன்" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். காதில் விழுந்ததோ என்னவோ. மூன்றாம் நாள் போய்விட்டாள்.

இரண்டு வாரம் கழித்து வேலைக்குப் போனார். முதலாளி மூன்று புதுப் புத்தகங்களை மேஜையில் வைத்து, "அவசரமில்ல, மெதுவா எழுதுங்க" என்றார்.

"எனக்குக் கண்ணு தெரியலீங்க. ரெண்டு வருஷமா எழுதினதெல்லாம் என் வீட்டுக்காரி."

முதலாளி மூன்று புத்தகங்களையும் திரும்ப எடுத்துக்கொண்டார். வேலையை விட்டு அனுப்பவில்லை. பார்சல் கட்டும் பக்கம் மாற்றினார்.

வாரம் தவறாமல் வரும் ஓய்வுபெற்ற அறிவியல் வாத்தியார் அவரைத் தேடிக்கொண்டு அங்கேயே வந்தார். "என்னங்க, அட்டை ஒண்ணையும் காணோம்? அதப் பாத்துத்தான் நான் வாங்குறதே."

அவர் நடந்ததைச் சொன்னார். வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஒரு தடவை கூட்டிட்டு வந்திருக்கலாமே. நான் பேசியிருப்பேனே அவங்ககிட்ட."

அவர் தலையைக் குனிந்துகொண்டு சணலை இழுத்து முடிச்சுப் போட்டார். வீட்டிலிருந்து கடை பத்து நிமிஷ நடைதான். அவள் ஒருநாள்கூட உள்ளே வந்ததில்லை. அவர் கூப்பிட்டதும் இல்லை.