அண்ணன் இறங்கி வந்த நாலரை அடி

அண்ணன் அவர்கள் மறைந்து ஓராண்டு நிறைகிறது. இன்று வந்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் அவர் தம்பியின் வணக்கம். இதை எழுதும் வேலையை அண்ணி என்னிடம் கொடுத்தார்கள். நான் எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டவன். லாரி, விசைப்படகு, திருப்பூர், மும்பை என்று அலைந்து, எந்த வேலையிலும் இரண்டு வருடத்துக்கு மேல் நிற்காதவன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணன் பிறந்தது குரும்பகரத்தில். அப்பா இறந்தபோது அவருக்குப் பதினாறு வயது, எனக்கு ஆறு. பத்தாம் வகுப்பை முடித்துவிட்டு நான்கு வருடம் கூலிக்கு வயலில் இறங்கினார். அப்புறம்தான் வாய்க்கால் மதகுகளில் ஷட்டரை ஏற்றி இறக்கும் அரசு வேலை கிடைத்தது. ஓய்வு பெறும் வரை அதே வேலைதான். இரும்புச் சக்கரத்தைச் சுற்றிச் சுற்றி அவர் கை இரும்பாகவே ஆகிவிட்டது. என்னைப் பள்ளிக்கூடத்துக்கு இழுத்துப் போனதும் அந்தக் கைதான். நான் ஓடிவிட்டேன். அது அவர் தவறில்லை.

தருமபுரத்தில் அவர் கட்டிய முதல் வீட்டில் ஒரு கார்த்திகை மழைக்கு முழங்கால் அளவு தண்ணீர் ஏறியது. வீட்டைப் பிரித்து, தரையை நாலரை அடி உயர்த்தி மறுபடி கட்டினார். வாசலில் ஏழு படி. அடுத்த வெள்ளத்தில் தெருவே எங்கள் வீட்டில்தான் இருந்தது. அண்ணன் கடைசிப் படியில் நின்று ஒவ்வொருவராகக் கை கொடுத்து ஏற்றினாராம். நான் அப்போது மும்பையில்.

சர்க்கரை நோயில் அவருக்கு வலது கால் போனது. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அதைக் கேட்டுத்தான் நான் ஊருக்கு வந்தேன். மருத்துவமனையிலிருந்து வந்த அன்று, பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து, நாலு மூலையிலும் நாலு பேர் பிடித்துத் தூக்கினோம். தெருவில் எதிரே வந்த ஒரு பெரியவர் எங்களைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு ஓரமாக ஒதுங்கி நின்றார். நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் உயிரோடு இருக்கிறார் என்பது அவருக்குத் தெரியவில்லை. அண்ணன் அதைப் பார்த்துவிட்டார்.

வீட்டுக்குள் வந்ததும் சொன்னார். "நாலு பேரு தூக்குறது ஒரு தடவதான்டா. அத நான் பாக்கக் கூடாது. இனிமே என்னத் தூக்காதீங்க."

பதினோரு மாதம் அவர் தெருவில் இறங்கவில்லை. மருந்து கட்ட நர்ஸ் வீட்டுக்கே வந்தார்.

அந்தச் சமயத்தில்தான் மகளுக்கு வரன் அமைந்தது. ஒரே பெண். கார்த்திகையில் முகூர்த்தம், நகரத்தில் மண்டபம். தாரை வார்க்க அப்பா வர வேண்டும். நாலு பேர் தூக்க அவர் விடமாட்டார். அண்ணியின் தம்பி, "நானும் என் வீட்டுக்காரியும் தாரை வாக்குறோம் அத்தான், நீங்க மனச அலட்டிக்காதீங்க" என்றார். அண்ணன் தன் இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். "இதுக்கு என்ன குறைச்சல்?"

சக்கர நாற்காலிக்குச் சாய்தளம் போட வாசலில் இடம் இல்லை. தெருவுக்கும் வீட்டுக்கும் நடுவே ஒன்பது அடிதான். நான் பலகை போட்டுப் பார்த்தேன். காலி நாற்காலியே கையை விட்டுப் பறித்துக்கொண்டு எதிர் வீட்டுச் சுவரில் போய் மோதியது. அண்ணன் சன்னலில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். "அடுத்து என்ன, கிரேன் கொண்டாரப் போறியா?" என்றார்.

கிரேன் இல்லை, லிப்ட். நாற்காலியோடு ஏறி நின்றால், ஒரு ஆளை நாலரை அடி மட்டும் இறக்கி ஏற்றும் மேடை. கோயம்புத்தூரில் செய்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். பட்டறையில் ஒரு நாற்காலியை வாங்கிப் போட்டு உட்கார்ந்து, பத்துத் தடவை ஏறி இறங்கிப் பார்த்துவிட்டுத்தான் ஆர்டர் கொடுத்தேன். அண்ணனிடம் சொன்னபோது, "நீ ஆரம்பிச்ச வேலை எதுடா முடிஞ்சிருக்கு?" என்று கேட்டார். அது உண்மைதான்.

முகூர்த்தத்துக்கு இருபது நாள் இருந்தது. லிப்ட் நிற்கக் கான்கிரீட் தளம் போட வேண்டும். போட்ட அன்றே மழை பிடித்துக்கொண்டது. மேஸ்திரியும் நானும் தார்ப்பாயை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு நின்றோம். லிப்ட் ஏற்றிய லாரி வர வேண்டிய நாளில் வரவில்லை. கேட்டால், வழியில் தண்ணீர் என்றார்கள். ஐந்து நாள் இருக்கும்போது வந்தது. பாகங்களைப் பூட்ட வந்த இரண்டு பேரும் மழையில் நனைந்தபடியே இரண்டு நாளில் பூட்டி முடித்தார்கள். பக்கத்து வீட்டில் மூன்று நெல் மூட்டை வாங்கி ஏற்றிச் சோதித்தோம். ஏறியது, இறங்கியது.

"மூட்டைக்குப் பயம் கிடையாதுடா, எனக்கு இருக்கு" என்றார் அண்ணன். ஆனாலும் மறுநாள் நாற்காலியை உருட்டிக்கொண்டு ஏறினார். பொத்தானை அழுத்திப் பிடித்தபடி பாதி தூரம் இறங்கி, நிறுத்தி, மறுபடி மேலே வந்தார். "நம்ம ஷட்டர்தான்டா இது" என்றார். தெருவரைக்கும் போகவில்லை. "கல்யாணத்தன்னைக்கு எறங்குறேன்."

எங்கள் வீட்டில் ஒரு பழக்கம் உண்டு. பீரோ, மோட்டார் அறை, சைக்கிள் என்று எதன் சாவியானாலும் அண்ணியின் இடுப்புக் கொத்துக்குப் போய்விடும். லிப்டுக்கும் ஒரு சாவி உண்டு. தெருப் பிள்ளைகள் ஏறி விளையாடக் கூடாது என்பதற்காக வைத்தது. அதைத் திருப்பினால்தான் பொத்தான் வேலை செய்யும்.

கல்யாணத்தன்று விடியற்காலையில் பெண்கள் சீர்த்தட்டுகளையும் குத்துவிளக்கையும் லிப்டிலேயே இறக்கினார்கள். அண்ணி கடைசியாக இறங்கி, பழக்கத்தில் சாவியைத் திருப்பி எடுத்து, கொத்தில் கோத்துக்கொண்டு, பெண்ணோடு மண்டபத்துக்குப் போய்விட்டார்கள். யாரும் கவனிக்கவில்லை.

வேனோடு நான் திரும்பி வந்தேன். அண்ணன் பட்டு வேட்டி கட்டி, நாற்காலியில் வாசற்படி அருகே தயாராக இருந்தார். லிப்ட் கீழே நின்றது. பொத்தானை அழுத்தினேன். அசையவில்லை. மின்சாரம் இருந்தது. அப்புறம்தான் சாவித் துளையைப் பார்த்தேன்.

இன்னொரு சாவி பீரோவில். பீரோ சாவியும் அண்ணியின் கொத்தில். போன் போட்டேன். மேளச் சத்தத்தில் யாரும் எடுக்கவில்லை. ஒரு பையனை பைக்கில் அனுப்பினோம். சாலையில் தண்ணீர் நின்றது, போய் வர முக்கால் மணி நேரமாவது ஆகும். முகூர்த்தம் முடிய அரை மணிதான் இருந்தது. அதற்குள் மண்டபத்திலிருந்து அண்ணியின் தம்பி கூப்பிட்டார். "அத்தான் எங்க இருக்காங்க? ஐயரு அவசரப்படுறாரு. நாங்க மணையில உக்காந்துடவா?"

தெருப் பையன்கள் நாலு பேர் படியேறி வந்துவிட்டார்கள். "ரெண்டே நிமிசம் பெரியப்பா. தூக்கிடுறோம்." ஒருவன் நாற்காலியின் இரும்புச் சட்டத்தில் கை வைத்தான். அண்ணன் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டார். அந்தப் பிடியை நாலு பேராலும் விடுவிக்க முடியாது. முகம் வேர்த்துவிட்டது. போனில் மச்சான், "அலோ, அலோ" என்று கத்திக்கொண்டிருந்தார்.

அண்ணன் என்னைப் பார்த்தார். "நாலு பேருதானே ஆகாதுன்னேன். நீ ஒரு ஆளுதான?"

நான் திரும்பி அவர் முன்னால் உட்கார்ந்தேன். இரண்டு கையும் என் கழுத்தைச் சுற்றி விழுந்தன. மெல்ல எழுந்தேன். எனக்கு அப்போது ஐம்பத்து நாலு வயது. படியெல்லாம் மழை ஈரம். இரண்டாவது படியில் கால் வழுக்கி, கைப்பிடிச் சுவரில் தோளை முட்டுக்கொடுத்து நின்றேன். காதருகே அண்ணன் சொன்னார், "பாதியில விட்டுட்டு ஓடிடாதடா."

நாலு பையன்களும் தொடாமல், இரண்டு பக்கமும் கையை நீட்டியபடி கூடவே இறங்கினார்கள். ஏழாவது படியைத் தாண்டி வேனில் அவரை உட்கார வைத்தேன். மூச்சு வாங்கிக்கொண்டு நின்ற என்னிடம், "ஒரு வேலைய முடிச்சுட்ட" என்றார்.

மணமேடையில் அண்ணி எங்களைப் பார்த்தார்கள். என் சட்டை கிழிந்திருந்ததையும் பார்த்தார்கள். கை தானாக இடுப்புக்குப் போனது. அப்புறம்தான் அவர்களுக்குப் புரிந்தது. தாரை வார்க்கும்போது மகளின் கைக்குக் கீழே அண்ணனின் கை கொஞ்சமும் ஆடவில்லை. சடங்கு முடிந்ததும் அண்ணி அந்த ஒரு சாவியை மட்டும் கொத்திலிருந்து நகத்தால் நெம்பிக் கழற்றி, என் கையில் வைத்தார்கள். "இத அதுலயே போட்டு வச்சிடுங்க தம்பி. இனிமே எனக்கு வேணாம்."

அதற்குப் பிறகு அண்ணன் எட்டு மாதம் இருந்தார். தினமும் காலையில் தானே பொத்தானை அழுத்தித் தெருவுக்கு இறங்கினார். குரும்பகரம் வயலுக்குப் போனோம். திருவேட்டக்குடிக் கடற்கரையில் மீன் வாங்கி வந்தோம். அவரைக் கண்டதும் நின்று பேசினார்கள். யாரும் செருப்பைக் கழற்றவில்லை. நானும் ஊரை விட்டு எங்கும் போகவில்லை. ஆடி மாதம் ஒரு மதியம் சாப்பிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை.

எடுக்கும் நேரத்தில் யாரோ, "படி சறுக்குது, லிப்டுலயே எறக்கிடலாமே" என்றார்கள். அண்ணி நிமிர்ந்தார்கள். "வேணாம். அதுல அவுங்க உக்காந்து போனாங்க. படுத்துப் போக வேணாம்."

ஏழு படியும் நாலு பேராகத் தூக்கிக்கொண்டு இறங்கினோம். முன்னால் இடது பக்கம் நான். மற்ற மூன்று பேரும் அன்று கையை நீட்டியபடி இறங்கிய பையன்கள். அண்ணன் சொன்ன அந்த ஒரு தடவை.

மழையில் தார்ப்பாய் பிடித்த மேஸ்திரிக்கும், நனைந்துகொண்டே லிப்டைப் பூட்டிய இருவருக்கும், பதினோரு மாதம் வீடு தேடி வந்த நர்ஸ் அம்மாவுக்கும், மூட்டை கொடுத்த பக்கத்து வீட்டாருக்கும், நாலு பையன்களுக்கும், தான் உட்கார இருந்த மணையை அண்ணனுக்காகக் காலியாக வைத்திருந்த மச்சானுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

லிப்ட் நல்ல நிலையில் இருக்கிறது. இதைப் படிப்பவர்கள் வீட்டில் படி இறங்க முடியாமல் யாராவது உள்ளேயே இருந்தால் சொல்லுங்கள். கழற்றி வந்து நானே பூட்டித் தருகிறேன். முடித்துவிட்டுத்தான் திரும்புவேன். சாவி அதிலேயே இருக்கிறது.