சாப்பாட்டுக்கு மேல் ஒரு டீ

எண்பதுகளின் கடைசியில் எனக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் ஓர் அரசு அலுவலகத்தில் டைப்பிஸ்ட் வேலை கிடைத்தது. அண்ணன் இராஜபாளையத்தில் ஒரு வீட்டு மாடியில் அறை பார்த்துக் கொடுத்துவிட்டு ஊருக்குப் போய்விட்டான். அங்கிருந்து தினமும் பஸ்ஸில் வேலைக்குப் போய்வந்தேன். எனக்கு இருபத்தாறு வயது. அம்மாவும் அப்பாவும் இல்லை. கீழ்வீட்டுக்காரர்கள் தங்களுக்குள் தெலுங்கில் பேசிக்கொள்வார்கள். என்னைக் கண்டால் தமிழுக்கு மாறி, சாப்பிட்டாச்சா என்று கேட்பார்கள். ஆச்சு என்பேன். அதோடு அன்றைய பேச்சு முடிந்துவிடும்.

ஒருத்திக்காகச் சமைப்பதில் மனம் ஒட்டவில்லை. எதையோ வடித்து, கீரையோ துவையலோ வைத்து எடுத்துப்போவேன். டீக்கடையில் பெண்கள் நின்று குடிக்கிற வழக்கம் அப்போது அங்கே கிடையாது. அதனால் பிளாஸ்கில் டீயும் கொண்டுபோவேன். கை கழுவிய ஈரத்தோடு மூடியில் ஊற்றிக் குடித்தால்தான் சாப்பிட்ட மாதிரி இருக்கும். தலைவலி போகும், அசதி போகும். டீ இதயத்துக்கு நல்லது என்று வாரப் பத்திரிகையில் வந்ததைக் கத்தரித்துக்கூட வைத்திருந்தேன்.

இரண்டாம் வருஷம், ஒருநாள் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது கண் இருட்டி அப்படியே உட்கார்ந்துவிட்டேன். மறுநாள் இராஜபாளையத்தில் ஒரு டாக்டரம்மாவிடம் போனேன். கீழிமையை இழுத்துப் பார்த்தார், நகத்தைப் பார்த்தார், ரத்தம் குறைச்சல் என்றார். என்ன சாப்பிடுகிறேன், எப்போது டீ குடிக்கிறேன் என்று ஒவ்வொன்றாக விசாரித்தார். டீ உடம்புக்கு நல்லதுதானே என்றேன்.

"நல்லதுதாம்மா, யாரு இல்லேன்னா? ஆனா சோத்துக்கு மேலயே குடிச்சா, கீரையில இருக்குற இரும்புச்சத்து உடம்புல சரியாச் சேராது. ஒரு மணி நேரம் விட்டுக் குடி."

"அந்த ஒரு மணி நேரம் நான் என்ன செய்யட்டும்?"

இப்படிக் கேட்பேன் என்று எனக்கே தெரியாது. கேட்டதும் அழுகை வந்துவிட்டது. அவர் பேனாவைக் கீழே வைத்து, வீட்டில் யார் இருக்கிறார்கள் என்றார். சொன்னேன். மறுபடி பேனாவை எடுத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

மதியம்தான் கஷ்டம். மற்றவர்கள் கூடி உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருப்பார்கள். முன்பென்றால் டீயோடு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன். இப்போது கை சும்மா இருந்தது. தாங்காமல் வெளியே நடக்க ஆரம்பித்தேன். தேர் நிற்கிற இடம் வரை போய்த் திரும்புவேன்.

ரிக்கார்டு ரூமில் என்னைவிடப் பத்து வயது மூத்த அக்கா ஒருவர் இருந்தார். அவரும் அந்தக் கூட்டத்தில் சேர்வதில்லை. ஒருநாள் நான் கிளம்பும்போது, "நானும் வாரேன்" என்று செருப்பை மாட்டினார். வழியில் அதிகம் பேசவில்லை. மூன்றரை மணிக்கு என் பிளாஸ்கிலிருந்து இரண்டு பேருக்கும் ஊற்றினேன். சர்க்கரை எம்புட்டு போடுவே என்று கேட்டார். மறுநாளும் வந்தார்.

ஏழெட்டு மாதம் அப்படிப் போனது. பிறகு அவருக்கு மதுரைக்கு மாறுதல் வந்தது. இரண்டு கடிதம் போட்டார், அப்புறம் நின்றுபோனது. என் ரத்தம் தேறிவிட்டது, டாக்டரம்மா சந்தோஷப்பட்டார். தொண்ணூறுகளில் நானும் வேறு ஊருக்கு மாறும்வரை மதியத்தில் தனியாகத்தான் நடந்தேன். புறப்படும்போது வாசலில் கொஞ்சம் நின்று பார்ப்பேன். யாரும் வரவில்லை.