காலர் மடிப்பில் ஒரு பொட்டு மஞ்சள்

புது வெள்ளை டீ-ஷர்ட்டின் காலரைப் பிரித்து அதன் உள்மடிப்பில் அண்ணி மஞ்சள் வைத்ததை நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பம்மலில் எங்கள் வீட்டுச் சமையல் மேடை. ஒரு சிட்டிகை மஞ்சள்தூளை இரண்டு சொட்டுத் தண்ணீரில் குழைத்து, மோதிர விரலால் தொட்டு, மிளகு அளவுக்கு ஒரு பொட்டு. எங்கள் வீட்டில் எந்தப் புதுத்துணியும் மஞ்சள் படாமல் உடம்பில் ஏறாது. தீபாவளிச் சட்டை, பள்ளிச் சீருடை, அண்ணனுக்குக் கம்பெனியில் கொடுத்த மழைக்கோட்டு, எதற்கும் விலக்கில்லை. அதனால் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. வெள்ளைவெளேர் என்ற துணியாயிற்றே என்று எங்கள் இருவரில் ஒருவருக்காவது தோன்றியிருக்கலாம். தோன்றவில்லை.

அந்தச் சட்டை உல்லாசப் படகில் வேலைக்குப் போவதற்காக வாங்கியது. ஜி.எஸ்.டி. சாலையில் ஒரு ஓட்டலில் நான்கு வருடம் படுக்கை விரித்து, குளியலறை துடைத்து அலுத்துப்போயிருந்தேன். பணக்காரர்களின் யாட் படகுகளிலும் இதே வேலைக்குப் பெண்களை எடுப்பார்கள், கடலோடு ஊர் ஊராகப் போகலாம் என்று கூட வேலை பார்த்தவள் ஒருத்தி சொன்னாள். பிடித்துக்கொண்டது பைத்தியம். அப்பா அம்மா இல்லாத வீட்டில் அண்ணன் வைத்ததுதான் சட்டம். பெண்பிள்ளைக்குக் கடலில் என்ன வேலை என்று மூன்று நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. நான்காம் நாள் சாப்பாடு பரிமாறிக்கொண்டே அண்ணிதான் வழக்கை முடித்துவைத்தார்.

“அவ ஓட்டல்ல பண்றதத்தான் தண்ணி மேல பண்ணப் போறா. வுடுங்க.”

கடல் பாதுகாப்புப் பயிற்சிக்கு ஈ.சி.ஆர். பக்கம் ஒரு பள்ளியில் சேர்ந்தேன். உயிர்காப்பு உடையோடு உயரத்திலிருந்து குளத்தில் குதிக்க வேண்டும். நீச்சல் குளத்தையே அன்றைக்குத்தான் கிட்டத்தில் பார்க்கிறேன். மேலே நின்று பத்து நிமிடம் சாமி பேரெல்லாம் சொன்ன பிறகு பின்னால் நின்றவன் பொறுமை இழந்து முணுமுணுக்க, அந்தக் கோபத்திலேயே குதித்துவிட்டேன். சான்றிதழ் வந்தது. வேலை வரவில்லை. படகு அனுபவம் இருக்கிறதா என்பார்கள் எல்லா இடத்திலும். ஏறவிட்டால்தானே அனுபவம் வரும்? ஆறு மாதம் இப்படியே போய், பழைய ஓட்டலிலேயே திரும்பக் கேட்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது கொச்சியிலிருந்து அழைத்தார்கள். இரண்டு நாள் வேலை பார்த்துக் காட்ட வேண்டும். பிடித்தால் வைத்துக்கொள்வார்கள், பிடிக்காவிட்டால் ரயிலேற வேண்டியதுதான். வெள்ளைச் சட்டை இரண்டு கொண்டு வரச் சொன்னார்கள். தாம்பரம் மார்க்கெட்டில் கடை கடையாக ஏறி இறங்கி வாங்கியது அண்ணி.

அந்தப் படகில் எல்லாமே வெள்ளை. செருப்பைக் கரையிலேயே கழற்றிவிட்டு வெறுங்காலோடுதான் ஏற வேண்டும். அது எனக்குப் பழக்கம்தான், நம் வீடு மாதிரி. உள்வேலைக்கெல்லாம் பொறுப்பான பெண்மணியை ‘சீஃப்’ என்றே கூப்பிட்டார்கள். கோவாக்காரர். கண்ணாடிக் குவளையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, விரல் ரேகை தெரிந்தால் பேசாமல் திருப்பிக் கொடுப்பார். முதல் நாள் தப்பித்தேன். இரண்டாம் நாள் மாலை நான்கு மணிக்கு விருந்தாளிகள் வருவதாக இருந்தது. காலையில் மேல்தளத்து மெத்தைகளைத் தோளில் சுமந்து அடுக்கினேன். கொச்சிப் புழுக்கத்தில் கழுத்தெல்லாம் வியர்வை. கடைசி மெத்தையை இறக்கி நிமிர்ந்தால், வெள்ளை உறையில் நாலு விரல் அகலத்துக்கு மஞ்சள் தீற்றல். காலரைத் தொட்டுப் பார்த்தேன். விரலிலும் மஞ்சள்.

சீஃப் மளிகை வாங்கக் கரைக்குப் போயிருந்தார். அவசரத்தில் சோப்பைப் போட்டுத் தேய்த்தேன். மஞ்சள் குங்குமச் சிவப்பாக மாறிவிட்டது. போனை எடுத்து அண்ணியைக் கூப்பிட்டேன். உதவி கேட்க அல்ல, திட்டத்தான்.

“உங்க மஞ்சளால என் பொழப்பே போச்சு அண்ணி. இனிமே என் துணியத் தொடாதீங்க.”

அந்தப் பக்கம் குக்கர் அடுப்பை அணைக்கும் சத்தம் கேட்டது. பிறகு, தன் பையன் பள்ளி வெள்ளைச் சட்டையில் சாம்பார் கொட்டிக்கொண்டு வந்தால் எப்படிப் பேசுவாரோ அதே குரலில் பேசினார்.

“சோப்பு போட்டியா? நல்லா அலசிடும்மா. எலுமிச்சம்பழம் பிழிஞ்சு வெயில்ல போடு. காய வுடாத, தண்ணி தெளிச்சிகினே இரு. வெயிலுக்கு மஞ்சள் நிக்காது.”

சரி என்றுகூடச் சொல்லாமல் வைத்துவிட்டேன்.

சீஃப் திரும்பி வந்தபோது நான் தளத்தில் மண்டியிட்டு உறையின் மேல் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தேன். மறைக்கத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் மஞ்சளையும் அண்ணியையும் சொல்லி முடித்தேன். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்து, மூன்று மணி வரைக்கும் என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். கறை ஒரு மணிக்கு வெளிறியது. இரண்டரைக்கு எங்கே இருந்தது என்று எனக்கே தெரியவில்லை. சீஃப் உறையை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். திருப்பிக் கொடுக்கவில்லை. தானே மெத்தையில் மாட்டினார். மறுநாள் என்னை ரயிலேறச் சொல்லவும் இல்லை.

வேலை கிடைத்ததென்று அண்ணனிடம்தான் சொன்னேன். அண்ணியிடம் ஒரு மன்னிப்பு கேட்டிருக்கலாம். முதலில் வெட்கம், அப்புறம் வருடங்கள் ஓடி, இனி எங்கே போய் அதைக் கிளறுவது என்ற சோம்பேறித்தனம். விடுமுறைக்கு வரும்போதெல்லாம் கவனிப்பேன். பொங்கலுக்கு எல்லார் துணியிலும் மஞ்சள் இருக்கும், என்னுடையதில் இருக்காது. வெயில் வாசனையோடு மடித்துக் கொடுப்பார். நான் சொன்னதை அப்படியே கடைப்பிடிக்கிறார் என்று நினைத்துக்கொள்வேன். ஒவ்வொரு தடவையும் உள்ளே சுருக்கென்று குத்தும். கேட்கத்தான் வாய் வராது. மற்ற எல்லாவற்றுக்கும் எனக்கு வாய் நீளம்.

போன மாதம் எனக்கே சீஃப் பதவி வந்தது. புதுச் சீருடைப் பொட்டலத்தைப் பம்மல் வீட்டுக் கட்டிலில் வைத்துவிட்டுக் கடைக்குப் போனேன். திரும்பி வந்தால் காணவில்லை. மொட்டைமாடிக்குப் போனேன். என் வெள்ளைச் சட்டைகள் ஐந்தும் உள்பக்கம் வெளியே தெரியக் கொடியில் தொங்கின. ஒவ்வொரு காலர் மடிப்பிலும் பாதி வெளிறிய மஞ்சள் பொட்டு. கைப்பிடிச் சுவரில் பிழிந்த எலுமிச்சை மூடி. செம்பும் கையுமாக நின்ற அண்ணி என்னைப் பார்த்ததும் திருடி மாட்டிக்கொண்ட மாதிரி விழித்தார்.

“இன்னும் ஒரு மணி நேரம்மா. போயிடும். எப்பவும் போயிடும்.”

எப்பவும்.

இத்தனை வருடமாக நான் போட்டுக்கொண்ட ஒவ்வொரு புதுத்துணியிலும் வைத்து, அழித்து, மடித்துக் கொடுத்திருக்கிறார். என் கண்ணில் பொலபொலவென்று நீர் வந்துவிட்டது. அன்றைக்கு அப்படிப் பேசியிருக்கக் கூடாது அண்ணி என்று ஒருவழியாகச் சொல்லிவிட்டேன். எதைச் சொல்கிறேன் என்று அவர் கேட்கவில்லை. செம்புத் தண்ணீரை அடுத்த சட்டை மேல் தெளிக்கப் போனார். அந்தக் கையைப் பிடித்து நிறுத்திவிட்டு அந்தச் சட்டையை மட்டும் கொடியிலிருந்து எடுத்துக்கொண்டேன்.

இன்று அதைத்தான் போட்டிருக்கிறேன். மெத்தை தூக்க வேண்டியதில்லை இப்போது. காலர் உள்மடிப்பில் பொட்டு அப்படியே இருக்கிறது.