ஒரு படி கீழே

“அப்பா, உங்க போன் மட்டும் ஏம்ப்பா எப்பவும் குப்புறப் படுத்திருக்குது?”

என் மகள் தமிழினி ஐந்து வயதில் கேட்ட கேள்வி இது. சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். நான் சிரித்து மழுப்பினேன். என் மனைவி கோகிலவாணி சிரிக்கவில்லை. ரசத்தை ஊற்றிவிட்டு எழுந்து போனாள்.

நான் எழுதப்போவது நடந்தது. நாள், மணி எல்லாம் நினைவிருக்கிறது. நம்பாதவர்கள் மேல் எனக்கு வருத்தமில்லை. ஆனால் கதை கட்டுகிறவன் தன்னை இவ்வளவு கேவலமாகக் காட்டிக்கொள்ள மாட்டான்.

திருச்செங்கோட்டில், ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிகளுக்கு உதிரிபாகம் விற்கும் கடையில் எனக்கு வேலை. ஆர்டர் பிடிக்க ராசிபுரம், நாமக்கல், சேலம் என்று பைக்கில் சுற்றுவேன். கல்யாணமான இரண்டாம் வருடமே நாமக்கல்லில் ஒரு பெண்ணோடு பழக்கம். கோகிலவாணி கண்டுபிடித்தாள். அழுதேன். மன்னித்தாள். நான்கு வருடம் கழித்துச் சேலத்தில் இன்னொருத்தி. மறுபடியும் அழுதேன். மறுபடியும் மன்னித்தாள். மூன்றாவது, வெண்ணந்தூர் அனிதா. மனைவியைப் பிரிந்து வாழ்கிறேன் என்று அவளிடம் சொல்லியிருந்தேன். ஒவ்வொரு முறையும் அழுதபோது இதுதான் கடைசி என்று மனதார நினைத்தேன். என் கண்ணீர் பொய்யில்லை. அதைத்தான் இன்றுவரை என்னால் பொறுக்க முடியவில்லை.

போன வருடம் ஐப்பசியில் ஒரு வியாழக்கிழமை, அனிதாவின் செய்தியைக் கோகிலவாணி பார்த்துவிட்டாள். கடை வாடிக்கையாளர் என்று சாதித்தேன். இந்த முறை அவள் அழவில்லை.

“நாளைக்கு வெள்ளிக்கிழமைங்க. அறுபதாம் படிக்கு வாங்க. கற்பூரம் அணைச்சுச் சொல்லுங்க. அதுக்கு மேல நான் ஒண்ணும் கேக்கமாட்டேன்.”

எங்கள் மலைக்குப் படியேறும் வழியில், ஒரே தொடராக அறுபது படிகள் உண்டு. அறுபதாம் படி என்றே அந்த இடத்துக்குப் பெயர். அங்கே நின்று கற்பூரம் ஏற்றி, அதை உள்ளங்கையால் அணைத்து ஒருவன் ஒன்றைச் சொல்லிவிட்டால் வழக்கு முடிந்தது. பொய் சொன்னால் குடும்பம் தழைக்காது. எனக்கும் அந்தப் பயம் உண்டு. தப்பு செய்கிறவனுக்கும் பக்தி இருக்கும்.

இரவெல்லாம் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். அறுபது படி தொடங்குவதற்கு முந்தின படியில் நின்றுவிடுவது. ஒரு படி கீழே. சத்தியமும் சேராது, சாமிக் குற்றமும் வராது. கோகிலவாணி பனமரத்துப்பட்டிக்காரி. எப்போதும் பஸ்ஸில்தான் மலையேறுவாள். எந்தப் படி எங்கே தொடங்குகிறது என்று அவளுக்குத் தெரியாது.

பெண்ணுக்குத் தன் உடம்பில் பாதியைக் கொடுத்த சாமியின் மலை அது. அதில் நிற்கத்தான் இப்படிக் கணக்குப் போட்டேன்.

மறுநாள் மாலை 5.20. அடிவாரத்தில் தங்கசாமி கடையில் கற்பூரம் வாங்கினேன். அறுபது வயதுக்காரர். எப்போதும் கேலிதான்.

“குடும்பத்தோட படியேறுறீங்களா? இன்னைக்கு மழ கொட்டப்போவுது போங்க!” என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். “ஓ... சத்தியத்துக்கா? அப்பப் பெரிய கட்டியா வாங்கிக்கங்க. சின்னது காத்துக்கே அணைஞ்சுரும். அப்பறம் யாரு அணைச்சதுன்னு அதுக்கொரு சண்ட.”

நான் நினைத்த படி வந்தது. நின்றேன்.

“இங்கயாங்க?” என்றாள் கோகிலவாணி.

“இங்கதான்.”

ஏற்றினேன். உன்னைத் தவிர எனக்கு யாருமில்லை என்றேன். அணைத்தேன். உள்ளங்கை சுட்டது. அவள் தமிழினியின் கையைப் பிடித்தபடி என்னையே பார்த்தாள். “சரிங்க,” என்றாள். அவ்வளவுதான்.

தரிசனம் முடிந்தது. அவர்கள் இருவரும் பஸ்ஸில் இறங்கினார்கள். என் பைக் அடிவாரத்தில் நின்றதால் நான் படிவழியே இறங்கினேன். மணி 7.25. வெள்ளிக்கிழமை. வழியெல்லாம் ஆள் இருக்க வேண்டும். ஒருவரும் இல்லை.

7.38க்கு விளக்குகள் அணைந்தன. கீழே ஊர் முழுக்க வெளிச்சம் இருந்தது. படிகளில் மட்டும் இல்லை.

அப்போது அந்தச் சத்தம் கேட்டது.

சர்ர்... சர்ர்... சர்ர்...

கல்லில் எதையோ தேய்க்கும் சத்தம். கொஞ்சம் கீழே ஒரு கற்பூரச் சுடர் தெரிந்தது. மஞ்சள் சீலை கட்டிய ஒரு பெண் குனிந்திருந்தாள். படிபூஜை செய்கிறாள் என்று புரிந்தது. படிபடியாக மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டிக்கொண்டே ஏறுவது எங்கள் பக்கத்து வேண்டுதல். மனம் சற்று நிதானப்பட்டது.

நெருங்கியபோதுதான் கவனித்தேன். காற்று என் சட்டையைப் படபடவென்று அடித்தது. அந்தச் சுடர் ஆடவில்லை.

அவள் குனிந்திருந்தது... நான் நின்று சொன்ன அதே படியில்.

“சாமி,” என்றாள். தலை நிமிரவில்லை. “இந்தப் படிக்கு மட்டும் மஞ்சள் புடிக்கமாட்டேங்குதுங்க.”

“ஈரமா இருக்குமுங்க,” என்றேன்.

“ஈரமில்லீங்க. யாரோ நின்னிருக்காங்க.”

சர்ர்... சர்ர்...

அவளைத் தாண்டித்தான் நான் இறங்க வேண்டும்.

“கொஞ்சம் தண்ணி இருக்குமுங்களா?”

ஓடிவிடு என்றது மனம். ஆனால் தண்ணீர் கேட்டவர்களுக்கு இல்லை என்று சொல்லி எனக்குப் பழக்கமில்லை. என்னிடம் மிச்சமிருந்த நல்ல பழக்கம் அது ஒன்றுதான். பாட்டிலைத் திறந்து, அவள் ஏந்திய கைகளில் ஊற்றினேன்.

தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது.

கல்லில் விழும் சத்தம் கேட்கவில்லை.

“எங்கூட்டுக்காரரும் இங்கதானுங்க நின்னாரு,” என்றாள். “ஒரு படி கீழ...”



அவள் ஒதுங்கி வழிவிட்டாள்.

“போங்க சாமி. ஊட்டுல சொல்லீருங்க.”

ஓடினேன்.

போன் வெளிச்சத்தில் கீழ்ப்படிகளைப் பார்த்தேன்.

ஒன்றில்கூட மஞ்சள் இல்லை.

அடிவாரம் வந்தபோது மணி 9.10. கால்மணி நேரத்தில் இறங்கும் தூரம். பைக் சாவியை எடுத்தபோது கையைப் பார்த்தேன். கற்பூரம் அணைத்த உள்ளங்கை முழுக்க மஞ்சள். நான் மஞ்சளைத் தொடவே இல்லை.

வீட்டுக்குப் போனேன். தமிழினி தூங்கிவிட்டிருந்தாள். கோகிலவாணி முன்னால் தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். அனிதாவைச் சொன்னேன். ஒரு படி கீழே நின்றதையும் சொன்னேன்.

“தெரியுமுங்க,” என்றாள். “இன்னைக்கு மத்தியானமே தனியா போயி, எந்தப் படின்னு பாத்துட்டு வந்தேன்.”

“அப்பறம் ஏன் சரின்னு சொன்னே?”

“கொழந்த பக்கத்துல நின்னுட்டிருந்துச்சுங்க.”

பேயைப் பார்த்தபோதுகூட நான் அப்படி நடுங்கவில்லை.

காலையில் அவள் மகளோடு பனமரத்துப்பட்டிக்குப் பஸ் ஏறினாள். நான் அனிதாவைக் கூப்பிட்டு உண்மையைச் சொன்னேன். அவள் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். “உங்களுக்கு மக இருக்குதா?” என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிட்டாள்.

பத்து மணிக்குத் தங்கசாமி கடைக்குப் போனேன். மஞ்சள் சீலைக்காரியைப் பற்றிச் சொன்னேன். அவர் முகத்தில் கேலி இல்லை.

“அங்கம்மாளுங்க அது. பதினோரு வருசமாச்சு. அவ ஊட்டுக்காரன் அறுபதாம் படியில சத்தியம் பண்ணுனான். நம்பிட்டா. புருசன் உத்தமன்னு சாமியே சொல்லிட்டாருன்னு, மறுநாளே படிபூஜைக்கு வேண்டிக்கிட்டு ஏறுனா. வெறும் வயிறு. அறுபதாம் படி தொடங்குறதுக்கு முன்ன மயங்கி உழுந்துட்டா. தண்ணி தண்ணின்னு கேட்டாளாம். கூட்டம்... ஆளாளுக்குத் தாண்டிப் போயிட்டாங்க. உசுரோட எறக்க முடியல.”

“நான் தண்ணி ஊத்துனேனுங்க,” என்றேன்.

அவர் கற்பூரத்தை எடுத்துக் காகிதத்தில் மடிக்கத் தொடங்கினார்.

“அவங்க ஒண்ணு சொன்னாங்க. ‘எங்கூட்டுக்காரரும் ஒரு படி கீழதான் நின்னாரு’ன்னு.”

கற்பூரம் மடித்துக்கொண்டிருந்த அவர் கை அப்படியே நின்றது.

“அது எப்படிங்க அவளுக்குத் தெரியும்?” என்றார் மெல்ல. “நான் இன்னைவரைக்கும் ஒருத்தர்கிட்டயும் சொன்னதில்லையே...”

அவருடைய செம்பில் தண்ணீர் மொண்டு கையில் கொடுத்துவிட்டு வந்தேன்.

அவள் நேர்த்திக்கடன் பாதியில் நிற்கிறது. அதைத் தீர்க்க வேண்டிய கணவர் பதினோரு வருடமாக மலையடியில் உட்கார்ந்திருக்கிறார், ஏறவில்லை. அவரைக் குறை சொல்ல எனக்குத் தகுதியும் இல்லை.

திங்கட்கிழமை விடிகாலை 4.40. மஞ்சள், குங்குமம், கற்பூரம் எடுத்துக்கொண்டு தனியாக ஏறினேன். அந்தப் படியில் தொடங்கினேன். மஞ்சள் பிடித்தது. பிறகு அறுபது படிகளும், ஒவ்வொன்றாக, அங்கம்மாள் பெயரைச் சொல்லிக்கொண்டே. கடைசிப் படியில் கற்பூரம் காட்டியபோது மணி 6.05. ஒரு ஈ, காக்கைகூடப் பார்க்கவில்லை. தங்கசாமியிடம் சொல்லவில்லை. கோகிலவாணியிடமும் சொல்லவில்லை, சொன்னால் அது இன்னொரு சத்தியமாகிவிடும்.

வந்த வழியே இறங்கத் திரும்பினேன். பூசிய மஞ்சள் இன்னும் காயவில்லை. அதை மிதிக்கக் கால் வரவில்லை. மேலே ஏறி, பஸ் போகும் பாதை வழியாகச் சுற்றி நடந்து இறங்கினேன்.