எட்டுத் தீவுகளும் ஓர் ஓடமும்

அன்று வெள்ளிக்கிழமை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அம்மா காலையிலேயே தலைமுழுகியிருந்தார். ஜெர்மனியிலிருந்து லண்டன் இல்ஃபோர்டுக்கு வந்த முதல் குளிர்காலம். நான்காம் வகுப்பில் என் பக்கத்து நாற்காலியில் யாரும் இருப்பதில்லை. அன்று ஜப்பானியரின் படைப்புக் கதையை எல்லோர் முன்னாலும் நான் சொல்ல வேண்டும். நன்றாகச் சொன்னால் யாராவது வந்து உட்காருவார்கள் என்று நம்பியிருந்தேன்.

ஆதித் தம்பதிக்குத் தீவுகள் பிள்ளைகளாகப் பிறக்கின்றன. ஒவ்வொரு தீவும் ஒரு தெய்வம். எட்டுத் தீவுகளையும் காகித மட்டையில் வெட்டி வைத்திருந்தேன். நான் சொல்லிப் பார்க்கையில் தெய்வம் என்று காதில் விழுந்ததும், அம்மா அவற்றைச் சாமித்தட்டில் அடுக்கிச் சந்தனமும் குங்குமமும் வைக்கத் தொடங்கினார். ஒரு தீவுக்கு நான்கு முகம் என்றேன். அதற்கு மட்டும் நான்கு பொட்டு.

“பிள்ளையள் சிரிப்பினம் அம்மா.”

“சிரிக்கட்டும். சாமியை வெறும் நெத்தியோட அனுப்புறதே?”

கடைசியாகக் காகித ஓடம் ஒன்று மிஞ்சியது. “இது எந்தச் சாமி?”

“அது சாமியில்லை. முதல் பிறந்த பிள்ளை. எலும்பில்லாமல் பிறந்ததாம். ஓடத்தில வச்சுக் கடலில விட்டிட்டினம். பிள்ளையளை எண்ணேக்க அதைச் சேர்க்கிறேல்லையாம்.”

அம்மாவின் விரல் குங்குமச் சிமிழிலேயே நின்றது. “ஆர் சேர்க்கிறேல்லை? தாயோ?”

“ரீச்சர் அது சொல்லேல்லை.”

“இது இஞ்ச இருக்கட்டும், குஞ்சு.”

ஓடம் இல்லாமல் கதை தொடங்காது என்று அழுதேன். அம்மா தரவில்லை. எண்ணிக்கையில் சேராத தீவு ஒன்றும் அந்தக் கதையில் உண்டு என்பதைப் பின்னாளில் படித்தேன். அன்று எனக்கு ஓடம்தான் முக்கியம். எட்டுத் தீவுகளோடு போய்க் கதையை நடுவிலிருந்து சொன்னேன். பொட்டுகளைப் பார்த்துச் சிரித்தார்கள். யாரும் வந்து உட்காரவில்லை.

மாலையில், மேல்மாடிக்குப் புதிதாகக் குடிவந்த தமிழ்ப் பெண் தேங்காய்த் துருவியைக் கேட்டு வந்தார். பேச்சுவாக்கில், “உங்களுக்கு எத்தினை பிள்ளையள், அக்கா?” என்றார்.

அம்மா, “ரெண்டு” என்றார்.

“இல்லை அன்ரி, ஒண்டுதான். நான் மட்டும்தான்” என்று திருத்தினேன். துருவியை எடுத்துவர உள்ளே போன அம்மா, திரும்பி வர நேரமெடுத்தார்.

எனக்கு முன்னால் ஜெர்மனியில் ஒரு பிள்ளை பிறந்து, வீட்டுக்கு வராமலே இறந்துபோனதைப் பல ஆண்டுகள் கழித்துப் பெரியம்மா சொன்னார். அன்றைக்கு, அம்மா களைப்பில் பிழையாக எண்ணிவிட்டார் என்றே நினைத்தேன்.