நான்கு அடி நடவழி

சமாதானத்தைப் பற்றி எங்கள் குன்னத்துகால் பக்கத்தில் என்னைவிட அதிகமாக எழுதியவர் இருக்க முடியாது. எங்கள் சபைக்கு உதவி அனுப்பும் வெளிநாட்டுச் சபைக்கு வருடா வருடம் அறிக்கை தயாரிப்பது நான்தான். மன்னிப்பு, ஒப்புரவு, அயலானிடத்தில் அன்பு என்று பக்கம் பக்கமாக எழுதுவேன். கூடப் பிறந்த அண்ணனோடு ஐந்து வருடமாகப் பேச்சு இல்லை என்பதை எழுத அந்தப் படிவத்தில் இடம் விட்டிருக்கவில்லை.

அண்ணன் வீடு என் வீட்டுக்குப் பின்னால். அங்கிருந்து ரோட்டுக்கு வர என் மனையின் ஓரமாக ஒரு நடவழி உண்டு. அது யாருடையது என்பதில் தகராறு. கோபத்தில் நான் ஹாலோ பிளாக் வைத்து மதில் கட்டினேன்; நடவழி இரண்டரை அடியாகச் சுருங்கியது. அண்ணன் கேஸ் கொடுத்தார். வாய்தா நாளில் இருவரும் ஒரே பஸ்ஸில்தான் நெய்யாற்றின்கரைக்குப் போவோம். அவர் முன் சீட், நான் பின் சீட். நாங்கள் ஒரே குடும்பம் என்பது கண்டக்டருக்கு மூக்கைப் பார்த்தே தெரிந்திருக்கும்.

இதற்கிடையில் மைனிக்கு, அதாவது அண்ணன் மனைவிக்கு, பக்கவாதம் வந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது பிளாஸ்டிக் நாற்காலியில் இருத்தி, அந்த இரண்டரை அடிக்குள் நண்டு மாதிரி பக்கவாட்டில் நகர்ந்தார்கள். நான் ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்று பார்த்தேன். அதற்குப் பிறகு ஒன்றரை வருடம் மைனி வெளியே வரவில்லை. ஆராதனையை ஒலிபெருக்கியில் கேட்டதோடு சரி. நற்கருணை கொண்டுபோகும் போதகரிடம் அவர் கேட்டது ஒன்றுதான்: "அய்யா, எனக்க பழைய பெஞ்சுக்குப் பக்கத்தில என்னை ஒருதரம் கொண்டு இருத்துவியளா?"

வெளிநாட்டுச் சபை சக்கர நாற்காலி தருவதாகச் சொன்னது. படிவம் என்னிடம்தான் வந்தது. கடைசிப் பக்கத்தில் ஒரு கேள்வி: வீட்டிலிருந்து சாலை வரை வழியின் அகலம் எவ்வளவு? இரண்டரை என்று போட்டால் ஏன் என்று கேட்பார்கள். நான்கு அடி என்று எழுதினேன். முழுப் பொய் இல்லை. ஐந்து வருடத்துக்கு முன்பு அது உண்மை.

நாற்காலி வேனில் வந்தது, கூடவே அந்தச் சபையின் வெள்ளைக்கார அம்மாள் ஒருவரும். கல்லும் மேடுமான ஊர்களுக்கென்றே செய்த நாற்காலி. தடித்த டயர், அகலமான உடம்பு, மடக்கவும் முடியாது. நடவழியின் தொடக்கத்திலேயே இரண்டு பக்கமும் இடித்துக்கொண்டு நின்றது.

அந்த அம்மாள் என் படிவத்தின் நகலை எடுத்துப் பார்த்தார். மதிலைக் காட்டி, இதை யார் கட்டியது என்று போதகரிடம் கேட்டார். போதகர் என்னைப் பார்த்தார். நான் டயரைப் பார்த்தேன். வாயைத் திறந்தது அண்ணன்தான்.

"அது எங்க அப்பா காலத்து மதிலாக்கும். அளந்ததில எங்கயோ தப்பிப்போச்சுன்னு சொல்லுங்க அய்யா."

அப்பா காலத்தில் எங்கள் ஊரில் ஹாலோ பிளாக்கே கிடையாது. இந்த மதிலைக் கட்டியவன் நான் என்று நிரூபிக்கத்தான் அண்ணன் அத்தனை வாய்தாவுக்கும் அலைந்துகொண்டிருந்தார்.

போதகர் அவரைத் தனியே இழுத்து, ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டது என் காதில் விழுந்தது.

"பின்னே? கடல் கடந்து வந்தவிய முன்னால தம்பியை நாறடிக்கவா? அதுக்குக் கோர்ட்டு உண்டுல்லா."

நாற்காலியை நான்கு பேர் மதிலுக்கு மேலாகத் தூக்கிப் பிடித்துக்கொண்டே போய் அண்ணன் வீட்டு முற்றத்தில் இறக்கினார்கள். மைனி அதில் உட்கார்ந்து கிணற்றடியிலிருந்து பலாமரம் வரை போய்வந்தார். போட்டோ எடுத்தார்கள். "வண்டி வந்தாச்சு," என்றார் மைனி, ஒரு பக்கம் கோணிய வாயால். "இனி ரோட்டையும் தூக்கிக் கொண்டுவாருங்க."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்பதுதான் இன்றும் உறுத்துகிறது.

அன்று சாயங்காலம் அறிக்கை எழுத உட்கார்ந்தேன். பயனாளியின் வாழ்க்கை எப்படி மாறியது? 'இப்போது பலாமரம் வரை' என்று எழுதி நிறுத்தினேன். வக்கீலுக்குப் போன் செய்தேன்.

"சாரே, மதிலை இடிச்சா கேஸு போச்சு. நீங்களே ஒத்துக்கிட்ட மாதிரியாக்கும்."

"தெரியும்."

"பின்னே எதுக்கு விளிச்சிய?"

"வேண்டாம்னு ஒருத்தராவது சொல்லணும்லா."

சொல்லிவிட்டார். அதைப் பிடித்துக்கொண்டு இரண்டு நாள் நிம்மதியாக இருக்கப் பார்த்தேன், முடியவில்லை. சனிக்கிழமை காலையில் கொத்தனாரைக் கூப்பிட்டேன். கட்ட ஒரு வாரம் ஆன மதில் மத்தியானத்துக்குள் தரையோடு போனது. அண்ணன் வாசலில் வந்து நின்றார். வழியில் கிடந்த உடைசல்களைக் காலால் ஓரத்துக்குத் தள்ளினார்.

ஞாயிற்றுக்கிழமை முதல் மணி அடித்ததும் நாற்காலி நடவழியில் வந்தது. தள்ளிக்கொண்டு அண்ணன். என் வாசலுக்கு நேரே மைனி வலது கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னார்.

"மக்கா, ஒரு காரியம் கேக்கட்டா? மதிலை இடிச்சது எனக்காகவா, அந்த ரிப்போர்ட்டுக்காகவா?"

எழுதுவதாக இருந்தால் நல்ல பதில் கிடைத்திருக்கும். "ரெண்டுக்குமாக்கும், மைனி."

"செரி. உள்ளதைச் சொன்னியே, அது போதும்."

அண்ணன் என்னைப் பார்க்காமல் தள்ளிக்கொண்டு போனார். சர்ச்சில் மைனி தன் பழைய பெஞ்சுக்குப் பக்கத்தில் ஆராதனை முடியும்வரை இருந்தார். பாட்டின்போது அவர் தலை மட்டும் அசைந்தது, கடைசி வரிசையிலிருந்து பார்த்தேன்.

குடும்பங்களுக்குள் ஒப்புரவு ஏற்பட்டதா என்று அறிக்கையில் ஒரு கட்டம் இருக்கிறது. ஆம் என்று குறித்து அனுப்பச் சொல்கிறார் போதகர். நான் இன்னும் குறிக்கவில்லை. அண்ணன் கேஸைத் திரும்பப் பெறவும் இல்லை. அடுத்த மாதம் வாய்தா. அவர் வழக்கம்போல முன் சீட்டில்தான் இருப்பார். நான் எங்கே உட்காருவது என்பதுதான் தெரியவில்லை.